தேங்காய்ச் சரக்கில் ஒரு கை உப்பு

அந்தத் தொட்டியைக் கெடுத்தவள் நான். பழி ஈஸ்வரியின் மேல் போனபோது வாயை மூடிக்கொண்டு நின்றவளும் நான்.

இல்லை... இதுகூட முழு உண்மையில்லை. வாயைத் திறந்தேன். திறந்து ஒரு பொய் சொன்னேன்.

இத்தனை வருடங்களில் இதை யாரிடமும் சொன்னதில்லை. வீட்டுக்காரரிடம் சொல்லவில்லை. மகளிடம் சொல்லவில்லை. எதிரில் ஆள் இருந்தால் எனக்குப் பேச்சு வராது. பள்ளிக்கூடத்தில் விடை தெரிந்தும் கையைத் தூக்காமல் உட்கார்ந்திருந்தவள் நான். பத்தாவதோடு படிப்பு நின்றது. கூச்சம் மட்டும் நிற்கவே இல்லை. உங்கள் முகம் எனக்குத் தெரியாது. அதனால்தான் உங்களிடம் சொல்ல முடிகிறது.

தொண்ணூறுகளில், துடியலூரில் மேட்டுப்பாளையம் சாலையை ஒட்டிய ஒரு சந்தில், ஷாம்பு தயாரிக்கும் கம்பெனியில் வேலை பார்த்தேன். கம்பெனி என்றதும் பெரிதாக நினைத்துவிடாதீர்கள். தகரக் கூரை போட்ட இரண்டு கொட்டகைகள். ஒன்றில் பினாயில், இன்னொன்றில் ஷாம்பு. பினாயிலை முதலாளி பார்த்துக்கொண்டார். ஷாம்புக் கொட்டகை அவர் மனைவி வசந்தாக்காவின் பொறுப்பு.

அங்கே நீல நிற டிரம்களில் ஒரு சரக்கு வரும். வெளிர் மஞ்சளாக, தண்ணீர் கலந்த தேன்போல இருக்கும். கோக்கோ பீட்டைன் என்று பெயர். எங்களில் யார் வாயிலும் அது நுழையவில்லை. தேங்காய் எண்ணெயிலிருந்து எடுக்கிற பொருள் என்று வசந்தாக்கா சொன்னார். அன்றிலிருந்து எங்களுக்கு அது 'தேங்காச் சரக்கு'. நுரை வருவதற்காகச் சேர்க்கும் வெள்ளைப் பேஸ்ட் தோலை வறட்டிவிடும். தேங்காச் சரக்கைச் சேர்த்தால் அதன் முரட்டுத்தனம் அடங்கிவிடும். குழந்தைகளுக்கான ஷாம்புவில் அதைத்தான் அதிகம் சேர்ப்போம். நாள் முழுக்க அளைந்தாலும் கை வழுவழுவென்றிருக்கும். அரப்புத்தூளைத் தேய்த்துக் கண் எரிய எரியக் குளித்து வளர்ந்த எங்களுக்கு அது அதிசயமாக இருந்தது.

தேங்காயிலிருந்து வருகிறது என்பதால் வசந்தாக்காவுக்கு அதன்மேல் ஒரு பக்தி. புது டிரம் வந்தால் மஞ்சள் குங்குமம் வைத்து, ஒரு தேங்காய் உடைத்த பிறகுதான் மூடியைத் திறப்பார். சாமிக்கு வைக்கிற பொருள் அல்லவா... அதனால் ஒரு சட்டமும் போட்டிருந்தார். மாதவிலக்கான பெண்கள் அந்த நாட்களில் கலவைத் தொட்டிப் பக்கம் வரக்கூடாது. வாசலை ஒட்டிப் போட்ட மேசையில் உட்கார்ந்து பாட்டில்களுக்கு லேபிள் ஒட்ட வேண்டும். பினாயில் கொட்டகைக்கு அந்தச் சட்டம் கிடையாது. பினாயிலை யார் வேண்டுமானாலும் எப்போது வேண்டுமானாலும் தொடலாம்.

உட்கார்ந்து செய்கிற வேலை கிடைக்கிறதே என்று மற்றவர்கள் அந்த மேசையை விரும்பினார்கள். எனக்கோ அது நரகம். அங்கே ஒருத்தி உட்கார்ந்திருந்தால் என்ன அர்த்தம் என்று வருகிறவர் போகிறவர் எல்லோருக்கும் தெரியும். சரக்கு ஏற்ற வரும் வேன் டிரைவர் ஒருநாள் என்னைப் பார்த்து, "என்னங்க அம்மணி, இன்னைக்கு லேபிளுங்களா?" என்று கேட்டுச் சிரித்தார். கெட்ட மனிதர் இல்லை. வெறும் கேலிதான். ஆனால் எனக்கு வீட்டுக்குப் போயும் சோறு இறங்கவில்லை. அதிலிருந்து அந்த நாட்கள் வந்தால் காய்ச்சல், தலைவலி என்று லீவு போட ஆரம்பித்தேன்.

லீவு கேட்கவும் எனக்கு வாய் வராது. எனக்காகக் கேட்பவள் ஈஸ்வரி.

ஈஸ்வரி கோபிசெட்டிபாளையத்துப் பெண். துடியலூருக்கு வாழ்க்கைப்பட்டு வந்தவள். என்னைவிடச் சில வயது மூத்தவள்தான். ஆனால் அக்கா என்று கூப்பிட்டால், "என்னய இப்பவே கெழவி ஆக்காத புள்ள," என்று அடிக்க வருவாள். கொட்டகையில் எனக்கு வாயாக இருந்தவள் அவள். "வசந்தாக்கா, மல்லிக்குத் தலவலியாமாங்க, நாளைக்கு வரமாட்டாளாமாங்க," என்று எனக்காக அவள் கேட்க, நான் பக்கத்தில் தலையைக் குனிந்துகொண்டு நிற்பேன்.

கல்யாணமாகிப் பல வருடங்களாகியும் அவளுக்குக் குழந்தை இல்லை. ஒருநாள் மாலை பஸ் ஸ்டாப்பில் என் கையைப் பிடித்து ஓரமாக இழுத்தாள்.

"மல்லி, ஒண்ணு சொல்றேன். வெளிய மூச்சு உடாத. எனக்கு நாள் தள்ளிப் போயிருக்குது."

"நெசமாவா?"

"மெல்லப் பேசு. மூணு மாசம் முடியற வரைக்கும் ஆருகிட்டயும் சொல்லக் கூடாது, கண்ணு பட்டுப்போகும்னு எம் மாமியா கண்டிசனாச் சொல்லிப்போட்டாங்க. எனக்குத்தான் சொல்லாம இருக்க முடியல." என் முகத்தைப் பார்த்துச் சிரித்தாள். "உன்கிட்டச் சொன்னா செவுத்துகிட்டச் சொன்ன மாதிரி. அதுதான் சொன்னேன்."

அந்தச் சிரிப்பை நான் இன்னும் மறக்கவில்லை. சுவர்... சரியாகத்தான் சொல்லியிருக்கிறாள்.

மாதவிலக்கு வராததால் அவள் லேபிள் மேசைக்குப் போகவில்லை. யாரும் கவனிக்கவில்லை என்று நினைத்துக்கொண்டிருந்தாள். ஆனால் கொட்டகையில் ருக்குமணியக்கா என்று ஒருவர் இருந்தார். எங்கள் எல்லோருக்கும் மூத்தவர். யார் எப்போது மேசைக்குப் போனார்கள் என்பதை வசந்தாக்காவைவிட அவர்தான் நினைவில் வைத்திருப்பார்.

இனி அந்த நாளைச் சொல்கிறேன்.

தீபாவளி நெருங்கிக்கொண்டிருந்தது. எண்ணெய்க் குளியலுக்கு எல்லோரும் ஷாம்பு வாங்குகிற நேரம். யாருக்கும் லீவு கிடையாது. காலையில் தொட்டிப் பக்கம் நிற்கும்போதே எனக்கு அது வந்துவிட்டது. எதிர்பார்க்கவில்லை. கழிவறைக்குப் போய்ச் சரிசெய்துகொண்டு வெளியே வந்தேன். வாசலில் வேன் நின்றிருந்தது. லேபிள் மேசையின் மேல் சாய்ந்துகொண்டு டிரைவர் யாருடனோ பேசிக்கொண்டிருந்தார்.

நான் மேசைக்குப் போகவில்லை. நேராகத் தொட்டிக்குப் போய்த் துடுப்பை எடுத்தேன்.

ஷாம்புவைக் கெட்டியாக்குவது எது தெரியுமா? உப்பு. பேஸ்டும் தேங்காச் சரக்கும் தண்ணீரில் கலந்த பிறகு, உப்புத் தண்ணீரைச் சிறிது சிறிதாக ஊற்றிக் கலக்க வேண்டும். அதுவரை தண்ணீராகக் கிடந்தது மெல்ல மெல்லத் தேன் பதத்துக்கு வரும். ஊற்றிவிட்டுக் கொஞ்சம் பொறுக்க வேண்டும். வேறு எதுவும் தெரியாவிட்டாலும் பொறுக்க எனக்குத் தெரியும்.

அன்று பொறுக்க முடியவில்லை. கலவை இறுகாமல் கிடப்பதுபோல் தோன்றியது. என்னால்தான்... நான் தொட்டதால்தான் கூடிவர மறுக்கிறது என்று நினைத்தேன். உங்களுக்குச் சிரிப்பு வரலாம். எனக்கு அன்று வரவில்லை. இன்னும் ஊற்றினேன். இறுகியது. அப்பாடா என்றிருந்தது. அதோடு விட்டிருக்கலாம்... ஆனால் பயம் விடவில்லை. மேலும் ஊற்றினேன். இளகியது. மூட்டைக்குள் கையை விட்டுக் கல்லுப்பை அள்ளி அப்படியே போட்டேன். கலக்கக் கலக்க இன்னும் இளகியது. துடுப்பைப் பிடித்து இழுக்கிற சரக்கு, பிடியை விட்டுவிட்டது. சாமி என்னைத் தண்டிக்கிறது என்றே நம்பினேன்.

மணி அடித்தது. துடுப்பை வைத்துவிட்டுச் சாப்பிடப் போனேன். மதியத்துக்கு மேல் தொட்டி ஈஸ்வரியின் முறை என்று எனக்குத் தெரியும். தெரிந்துதான் போனேனா? இந்தக் கேள்விக்கு மட்டும் இன்றுவரை என்னிடம் நேர்மையான பதில் இல்லை.

ஈஸ்வரி துடுப்பைத் தூக்கிப் பார்த்துவிட்டு அவளே சத்தம் போட்டாள்.

"வசந்தாக்கா, சித்தே இங்க வாங்க. இதென்னங்க, தண்ணியாட்டம் கெடக்குது?"

வசந்தாக்கா ஓடி வந்தார். துடுப்பிலிருந்து சொட்டுச் சொட்டாக வடிந்தது. அவர் முகம் வெளுத்தது. "பண்டிக நேரத்துல இப்படிப் பண்ணிப்போட்டீங்களே. என்னத்தக் கலந்தீங்க?"

"எப்பவும் கலக்கறதைத்தானுங்க கலந்தோம்," என்றார் ருக்குமணியக்கா. "சொன்னாப் பொல்லாப்புங்க. இது சாமிச் சரக்கு. ஆரோ தூரமா இருந்துக்கிட்டு, மறைச்சுத் தொட்டிருக்காங்க."

இதோ, என் பெயரைச் சொல்லப்போகிறார்...

சொல்லவில்லை.

"ஈஸ்வரியக் கேளுங்க. மேசையில ஒக்காந்து ரெண்டு மாசத்துக்கு மேல ஆச்சு. அல்லாருக்கும் வருது, இந்த மகராசிக்கு மட்டும் வராதாமா?"

யாரோ களுக்கென்று சிரித்தார்கள். ஈஸ்வரியின் முகம் சிவந்தது. "நான் அப்படிப்பட்டவ இல்லீங்கக்கா. நான் கை வெக்கறதுக்கு முன்னாடியே இது இப்படித்தான் இருந்துச்சு. மல்லியக் கேளுங்க. காலைல கலக்குனது அவதான்."

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். வாழ்நாள் முழுவதும் எதற்கு அஞ்சினேனோ அது நடந்தது.

"பயப்படாமச் சொல்லு கண்ணு," என்றார் வசந்தாக்கா. "நீ உட்டுட்டுப் போறப்ப எப்படி இருந்துச்சு?"

"கெட்டியாத்தானுங்க இருந்துச்சு," என்றேன்.

அவ்வளவுதான். அதுதான் நான் சொன்ன பொய்.

ஈஸ்வரி என்னைத் திரும்பிப் பார்த்தாள். கோபமாகப் பார்த்திருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். என் பேச்சு சரியாகக் காதில் விழாததுபோலப் பார்த்தாள்.

வசந்தாக்கா சாமி படத்துக்கு முன்னால் ஒரு தட்டில் கற்பூரம் ஏற்றினார். "தூரமில்லைன்னு கற்பூரத்தை அணைச்சுச் சத்தியம் பண்ணு ஈஸ்வரி. பண்ணிப்போட்டு வேலையப் பாரு. ஒருத்தரும் ஒண்ணும் கேக்கமாட்டாங்க."

அவளிடம் தப்பு இல்லை. தயங்காமல் சத்தியம் செய்யலாம். கையை நீட்டினாள். தீயின் அருகே போன கை அப்படியே நின்றது. வயிற்றில் பிள்ளையை வைத்துக்கொண்டு கற்பூரத்தை அணைப்பதா? அவள் மனதில் என்ன ஓடியது என்று அங்கே எனக்கு மட்டும் தெரியும். நீட்டிய கையை இழுத்துக்கொண்டாள்.

"பாத்தீங்களா," என்றார் ருக்குமணியக்கா.

அடுத்த சத்தியம் என்னைக் கேட்பார்களோ என்று நான் நடுங்கிக்கொண்டிருந்தேன். நினைத்துப் பாருங்கள்... அவள் அங்கே எரிந்துகொண்டிருந்தாள். நான் என்னைப் பற்றி நினைத்துக்கொண்டிருந்தேன்.

ஈஸ்வரி தரையைப் பார்த்துச் சொன்னாள். "எனக்கு நாள் தள்ளிப் போயிருக்குதுங்கக்கா. அதுதான் மேசைக்குப் போகல."

பிறகு எல்லாம் தலைகீழாக மாறியது. ருக்குமணியக்காதான் முதலில் ஓடிப்போய்க் கட்டிக்கொண்டார். "அடி பாவி மகளே, இதச் சொல்றதுக்கு என்ன? என் வாயில மண்ணு உழுகோணும்." வசந்தாக்கா சர்க்கரை எடுத்துவந்து அவள் வாயில் போட்டார். செய்தி பினாயில் கொட்டகைக்குப் போனது. முதலாளி எட்டிப் பார்த்துச் சிரித்தார். வேன் டிரைவர் ஹாரன் அடித்தார். யாரோ கண் வைத்ததால்தான் சரக்கு கெட்டது என்று வசந்தாக்கா ஒரு பூசணிக்காயை உடைத்தார். கெட்ட கலவையைச் சாக்கடையில் ஊற்றினோம். நுரை சந்து முழுக்கப் பொங்கிப் போனது.

எல்லோரும் சிரித்தார்கள், ஈஸ்வரியைத் தவிர. வாயில் போட்ட சர்க்கரையை அவள் விழுங்கினாளா என்றுகூட எனக்குச் சந்தேகம்.

அன்று மாலை பஸ் ஸ்டாப்பில் கேட்டாள். "நெசமாவே கெட்டியா இருந்துச்சா மல்லி?"

இன்னொரு வாய்ப்பு. சுற்றிலும் யாரும் இல்லை. அவளும் நானும் மட்டும்.

"ஆமா," என்றேன்.

"அப்ப எங் கைலதான் என்னமோ ஆயிப்போச்சாட்ட இருக்குது," என்றாள். அதற்குமேல் கேட்கவில்லை. என்னை நம்பிவிட்டாள்.

தீபாவளி முடிந்து கொஞ்ச நாளில் அவள் வேலைக்கு வருவது நின்றது. கரு கலைந்துவிட்டது என்று ருக்குமணியக்கா சொல்லி அழுதார். வசந்தாக்காவோடு நானும் பார்க்கப் போனேன். பாயில் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்திருந்தாள். வசந்தாக்கா அடுப்படியில் மாமியாரிடம் பேசிக்கொண்டிருந்தபோது, திரும்பாமலே சொன்னாள்.

"எம் மாமியா சொன்னது சரியாப் போச்சு மல்லி. நான் வாயத் தொறந்திருக்கக் கூடாது."

வாங்கிப்போன ஆரஞ்சுப் பழங்களை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். பொட்டாட்டம், வாயைத் திறக்காமல் உட்கார்ந்திருந்தேன். சுவர் போல.

அதற்கடுத்து நடந்ததைக் கேளுங்கள். தேங்காச் சரக்கு விற்கிற கம்பெனியிலிருந்து ஒருவர் வந்தார். வசந்தாக்கா பேச்சுவாக்கில் அந்தத் தொட்டி கெட்டுப்போன கதையைச் சொன்னார். அவர் சாதாரணமாகச் சொன்னார்: "உப்பு எச்சாப் போயிருக்குமுங்க. ஒரு அளவு வரைக்கும்தான் உப்பு கெட்டியாக்கும். அதுக்கு மேல போட்டா மறுபடியும் தண்ணியாயிருமுங்க. எங்கயும் நடக்கறதுதான்."

டீயைக் குடித்துவிட்டு அவர் போய்விட்டார்.

உப்பு. வெறும் உப்பு! நான் தீட்டென்று பயந்து அள்ளிப்போட்ட உப்பு. தீட்டு எதையும் கெடுக்கவில்லை. தீட்டைப் பற்றிய என் பயம்தான் கெடுத்தது. வசந்தாக்கா என்னை ஒருமுறை பார்த்தார். ஆனால் அவர் ஒன்றும் கேட்கவில்லை. மறுநாள் உப்புத் தண்ணீருக்கு ஓர் அளவு ஜாடி வாங்கி வைத்தார். லேபிள் மேசையை மட்டும் எடுக்கவில்லை.

அடுத்த மாதத்திலிருந்து நான் ஒழுங்காக அந்த மேசையில் உட்கார்ந்தேன். டிரைவர் கேலி செய்தார். கூசவில்லை. இதே கேலியைத் தாங்க முடியாமல்தானே... என்று நினைத்தால் கண் இருட்டும்.

ஈஸ்வரியின் கணவருக்குப் பெருந்துறைத் தொழிற்பேட்டையில் வேலை கிடைத்து, அவர்கள் அங்கே குடிபோனார்கள். அதற்குப் பிறகு அவளுக்குக் குழந்தை நிற்கவில்லை.

நான் உண்டானபோது ஆஸ்பத்திரி நர்ஸிடம் தயங்கித் தயங்கிக் கேட்டேன்: முன்னாலேயே வெளியில் சொல்லிவிட்டால் கலைந்துவிடுமா என்று. அவர் சிரித்தார். "சொன்னா எல்லாம் கலையாதுங்க அம்மணி. ஆரம்பத்துல அப்படி ஆகறது நெறையப் பேருக்கு நடக்கறதுதான்," என்றார். எனக்கு ஆறுதலாக இருந்திருக்க வேண்டும். இல்லை. ஏனென்றால் எனக்குத் தெரிந்துவிட்டது, அவளுக்குத் தெரியாது. அவள் இன்னும் தன் வாயையே சபித்துக்கொண்டிருப்பாள். பெருந்துறை என்ன கடல் கடந்தா இருக்கிறது? பஸ் ஏறினால் போய்விடலாம். "நீ சொன்னதால் எதுவும் போகவில்லை. நீ சொல்ல வேண்டிய அவசியமே இல்லை, நான் பொய் சொன்னதால்தான் சொன்னாய்," என்று சொல்லிவிடலாம். முதல் பாதியை மட்டும் சொல்லலாமே என்று கேட்பீர்கள். முதல் பாதியைத் தொடங்கினால் இரண்டாவது பாதி தானே வந்துவிடும் என்ற பயம்... அதனால் அதையும் சொல்லவில்லை.

சென்ற ஆண்டு கோபியில் ஒரு கல்யாணம். மகளோடு போயிருந்தேன். மகளுக்குக் கல்யாணமாகி ஒரு வருடம் ஆகியிருந்தது. பந்தியில் சாம்பார் வாடை தாங்காமல் அவள் எழுந்து வெளியே ஓடினாள். பின்னாலேயே போனேன். கைகழுவும் இடத்தில் ஒரு பெண் அவள் முதுகை நீவிக்கொண்டிருந்தாள். தலை நரைத்திருந்தது. நிமிர்ந்து பார்த்தாள்.

"மல்லியா? ஏன் புள்ள, இப்படி எளச்சுப்போட்டே? இது உம் புள்ளையா?"

ஈஸ்வரி. அதே குரல். என்னைக் கட்டிக்கொண்டாள். மகளிடம், "உங்கம்மா இருக்காளே, வாயத் தொறக்கமாட்டா. இவளுக்கும் சேத்து நாந்தான் பேசுவேன்," என்று சொல்லிச் சிரித்தாள். பிறகு மகளின் முகத்தை உற்றுப் பார்த்தாள். குரல் தாழ்ந்தது.

"எத்தனாவது மாசம் கண்ணு?"

மகள் என்னைப் பார்த்தாள். ஈஸ்வரி அவசரமாகக் கையை நீட்டி அவள் வாயைப் பொத்தினாள். "வேண்டாம், சொல்லாத. எங்கிட்டயும் சொல்லாத. மூணு மாசம் முடியற வரைக்கும் ஆரு கேட்டாலும் வாயத் தொறக்காத சாமி. நான் ஒருக்காத் தொறந்துபோட்டேன்..."

மீதியைச் சொல்லவில்லை. மகளின் தலையைத் தடவிக்கொடுத்தாள். அந்தக் கையைப் பார்த்துக்கொண்டே நின்றேன். என் எதிரில் நின்றாள். கை நீட்டினால் தொடும் தூரம். சொல்ல வேண்டியவள் நான், கேட்க வேண்டியவளும் அங்கே இருந்தாள்.

"சாப்பிட்டுப்போட்டு வாரேன், போயிராதீங்க," என்று சொல்லி உள்ளே போனாள். அவள் திரும்பி வருவதற்குள் நான் மகளை அழைத்துக்கொண்டு பஸ் ஏறிவிட்டேன்.

பஸ்ஸில் மகள் கேட்டாள். "அந்தப் பெரியம்மாவுக்கு என்னம்மா ஆச்சு?"

"எனக்குத் தெரியாது கண்ணு," என்றேன்.

அவள் நம்பிவிட்டாள். நான் சொல்வதை எல்லோரும் நம்பிவிடுகிறார்கள்... அதிகம் பேசாதவள் அல்லவா.